கெட்ட கொழுப்பும் கெட்டுப்போன கொழுப்பும்: கொலஸ்ட்ரால் குறித்த தமிழ் வழக்குகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கொலஸ்ட்ரால் என்னும் சேர்மத்தைத் தமிழ் மருத்துவப் பொதுவழக்கு 'கொழுப்பு' என்றும், குருதியில் அதைச் சுமந்து செல்லும் துகள்களை 'நல்ல கொழுப்பு', 'கெட்ட கொழுப்பு' என்றும் வழங்குகிறது. வேதியியலில் வேறுவேறான பொருள்களை இவ்வழக்கு ஒன்றாக்குகிறது. அதனால் 'எவ்வளவு இருக்கிறது' என்னும் அளவுக் கேள்வி மட்டுமே எஞ்சி, 'அதற்கு என்ன நேர்ந்தது' என்னும் மாற்றக் கேள்வி மறைந்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தின் உணவுச் சூழலைக் களமாகக் கொண்டு, கொலஸ்ட்ராலின் வேதியியல், கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் பற்றிய ஆய்வு வரலாறு, தமிழ்ச் சொல்வழக்கு ஆகிய மூன்றையும் இணைத்து இக்கருதுகோள் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கொலஸ்ட்ரால், ஆக்ஸிஜனேற்றம், காறல், அறிவியல் தமிழ், கலைச்சொல், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்

முன்னுரை

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என நீண்டு, தெற்கே ஒரகடம், வல்லம் வடகால் வரை பரந்திருக்கும் தொழில் வழித்தடம் இன்றைய தமிழகத்தின் முதன்மையான உற்பத்திக் களங்களுள் ஒன்று. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலையும் அப்போலோ டயர் ஆலையும் செயல்படத் தொடங்கின. கைபேசி, கண்ணாடி, இருசக்கர வாகனம், கனரக வாகனம் எனப் பல தொழில்கள் இன்று இங்கு நிலைகொண்டுள்ளன.

இவ்வளவு பேர் ஓரிடத்தில் உழைக்கும்போது அவர்களுடைய உணவும் ஓர் உற்பத்திப் பொருளாகிறது. 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் உணவகம் அமைக்க மாநில அரசுகள் விதி வகுக்கலாம் என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு வழிசெய்தது. ஷிஃப்டுக்கு ஒருவேளை கேன்டீனிலும், மற்ற வேளைகளில் விடுதியிலோ சாலையோரக் கடையிலோ உண்ணும் தொழிலாளி, தாம் உண்ணும் எண்ணெயைத் தாமே தேர்வதில்லை. அது எத்தனை முறை காய்ந்தது என்பதையும் அறிவதில்லை.

2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரத்தை அடுத்த ஃபாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண் தொழிலாளர்கள், தங்கள் விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை அடுத்து நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். கிருமியால் கெட்ட உணவு ஓரிரவில் தன்னைக் காட்டிவிடும். ஆக்ஸிஜனேற்றத்தால் கெட்ட எண்ணெய் அவ்வாறு காட்டாது. அதன் விளைவு, ஏதேனும் இருப்பின், பல்லாண்டு கழித்து மருத்துவ அறிக்கையில் ஓர் எண்ணாக வந்து நிற்கும். அவ்வெண்ணைத் தொழிலாளிக்கு விளக்கும் சொல் 'கொழுப்பு'. அச்சொல் எதை விளக்குகிறது, எதை மறைக்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. கொலஸ்ட்ரால் கொழுப்பு அன்று

பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல், கொழுப்புகளைக் காரத்துடன் சேர்த்துக் காய்ச்சினால் அவை சோப்பாகவும் கிளிசரினாகவும் பிரிவதை ஆராய்ந்தவர். பித்தப்பைக் கற்களிலிருந்து பெறப்பட்ட வெண்ணிறப் பொருள் அவ்வாறு சோப்பாகவில்லை. ஆகவே அது கொழுப்பினின்று வேறானது என உணர்ந்து, பித்தம், திண்மம் ஆகிய பொருள்களைத் தரும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 1815ஐ ஒட்டி அதற்குப் பெயரிட்டார். பின்னர் அது ஆல்கஹால் வகையைச் சேர்ந்தது எனத் தெளிந்தபோது பெயரின் ஈறும் அதற்கேற்ப மாறியது. கொலஸ்ட்ரால் என்னும் பெயரே 'இது கொழுப்பு அன்று' என்னும் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

கொழுப்பும் எண்ணெயும் வேதியியலில் டிரைகிளிசரைடுகள். ஒரு கிளிசரின் மூலக்கூறுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்தவை. உடல் அவற்றை எரித்து ஆற்றல் பெறுகிறது. கொலஸ்ட்ராலோ 27 கார்பன் அணுக்கள் கொண்ட ஸ்டீராய்டு ஆல்கஹால். மனித உடல் அதன் வளையக் கட்டமைப்பை உடைத்து ஆற்றலாக்க இயலாது. செல் சவ்வின் உறுதி, பித்த அமிலங்கள், பாலின ஹார்மோன்கள், வைட்டமின் டி ஆகியவற்றுக்கு அது மூலப்பொருள். நீரில் கரையாத இவ்விரண்டையும் குருதியில் சுமந்து செல்ல உடல் புரதம் போர்த்திய துகள்களைப் பயன்படுத்துகிறது. எல்.டி.எல்., எச்.டி.எல். என்பன அத்துகள்களின் வகைகள்.

ஆக, ஆற்றல் தரும் பொருள் ஒன்று, கட்டுமானப் பொருள் ஒன்று, சுமக்கும் ஊர்தி ஒன்று என மூன்று. தமிழ்ப் பொதுவழக்கு இம்மூன்றையும் 'கொழுப்பு' என்கிறது. பரிசோதனை அறிக்கையின் விளக்கங்களில் 'மொத்தக் கொழுப்பு' எனப் பெயர்பெறுவது கொலஸ்ட்ரால். அது கொழுப்பு அன்று. உண்மையில் கொழுப்பாகிய டிரைகிளிசரைடு 'முக்கொழுப்பு' என்றோ வெறும் ஒலிபெயர்ப்பாகவோ வருகிறது.

இவ்வழுவுக்கு நடைமுறை விளைவு உண்டு. சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையின் தலைமையில் நடைபெற்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்ட இந்தியருள் 81.2 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொழுமியங்களில் ஏதேனும் ஒரு பிறழ்வு இருப்பதாகக் கண்டது. மிகை கொலஸ்ட்ரால் உடையோர் 24.0 விழுக்காட்டினர் மட்டுமே. இடைவெளியில் உள்ளோருள் பெரும்பாலோரின் சிக்கல் எச்.டி.எல். குறைவோ டிரைகிளிசரைடு மிகையோ ஆகும். பின்னது அரிசி, சர்க்கரை, மது ஆகியவற்றாலும் ஏறும். இவர்கள் அனைவருக்கும் 'கொழுப்பு அதிகம்' என ஒரே சொல்லைச் சொன்னால் முட்டையை நிறுத்திவிட்டு, இனிப்புத் தேநீரைத் தொடர்வர்.

2. 'கொழுப்பு' என்னும் சொல்லின் சுமை

'கொழு' என்னும் அடி வளத்தைக் குறிப்பது. கொழுமை, கொழித்தல், கொழுந்து என்பவற்றை ஒருசேர நோக்கின் செழிப்பு என்னும் பொருட்புலம் தெளிவாகும். பழந்தமிழில் ஊனின் கொழுப்பைக் குறிக்க நிணம் என்ற தனிச்சொல் இருந்தது. உருக்கிய பாற்கொழுப்பு நெய், எள்ளின் நெய் எண்ணெய், கடையப்பட்டது வெண்ணெய். மூலத்தையும் பதத்தையும் கொண்டு பொருள்களைப் பிரித்து வழங்கும் மரபு அது.

இன்றைய பேச்சுவழக்கில் 'கொழுப்பு' செருக்கையும் குறிக்கும். 'உனக்குக் கொழுப்பு ஏறிவிட்டது' என்பது உடல்நிலை பற்றிய கூற்று அன்று. தகுதிக்கு மீறி நடப்பவனைக் கண்டிக்கும் கூற்று. வளமிகுதி, அதனால் வரும் திமிர், அதற்கான கண்டனம் என்னும் தொடர் அச்சொல்லின் உள்ளே இருக்கிறது. மருத்துவம் அதைக் கடன்கொண்டபோது இத்தொடரும் உடன்வந்தது. 'கொழுப்பு கூடிவிட்டது' எனக் கேட்கும் ஒருவர் தம் நோயைத் தம் மிகைநுகர்வின் தண்டனையாகவே முதலில் புரிந்துகொள்கிறார்.

இரவுப் பணியில் நின்றுகொண்டே வேலை செய்யும் மெலிந்த இளைஞருக்கு இச்சொல் இருவகையில் பிழைபடுகிறது. ஒன்று, 'ஒல்லியாக இருக்கும் எனக்கு ஏது கொழுப்பு' என அவர் பரிசோதனையையே புறக்கணிக்கலாம். மற்றொன்று, அறிக்கையில் எண் மிகுந்திருந்தால் அப்பொறுப்பு முழுவதும் அவர் வாய்க்கே உரியதாகிறது. கேன்டீன் ஒப்பந்ததாரர் எந்த எண்ணெயை வாங்கினார், எத்தனை நாள் காய்ச்சினார் என்னும் கேள்விகளுக்கு அச்சொல்லில் இடமில்லை. கலைச்சொல் பிழை என்பது அகராதியோடு முடிவதன்று. பொறுப்பை யார்மீது ஏற்றுவது என்பதையும் அது தீர்மானிக்கிறது.

3. 'நல்ல' – 'கெட்ட': இலக்கணமும் உயிர்வேதியியலும்

எச்.டி.எல். 'நல்ல கொழுப்பு' எனவும், எல்.டி.எல். 'கெட்ட கொழுப்பு' எனவும் வழங்குவது ஆங்கில வழக்கின் மொழிபெயர்ப்பு. ஆயின் தமிழில் இவ்விரு அடைகளும் இலக்கண நிலையில் ஒத்தவை அல்ல. 'நல்ல' குறிப்புப் பெயரெச்சம். அது காலம் காட்டாது. பண்பை மட்டும் உணர்த்தும். 'கெட்ட' என்பதோ 'கெடு' என்னும் வினையடியாகப் பிறந்த இறந்தகாலப் பெயரெச்சம். விடு–விட்ட, தொடு–தொட்ட என்பனபோல ஒற்று இரட்டித்து இறந்தகாலம் காட்டுவது. 'கெட்ட பால்' எனும்போது நன்றாயிருந்த பால் ஒரு பொழுதில் கெட்டது என்னும் நிகழ்ச்சி அச்சொல்லில் உண்டு. 'கெட்ட பழக்கம்' எனும்போது அந்நிகழ்ச்சி மறைந்து பண்பு மட்டும் நிற்கிறது. ஆங்கில மூலச்சொல்லில் இப்பண்புப் பொருளே முனைப்பாக உள்ளது. மொழிபெயர்ப்பு அதை மட்டும் ஏற்று, தமிழ்ச்சொல்லின் நிகழ்ச்சிப் பொருளை ஒலிக்காமல் விட்டது.

உயிர்வேதியியல் வற்புறுத்துவது அந்த நிகழ்ச்சிப் பொருளையே. எல்.டி.எல். பிறவியிலேயே தீயது அன்று. செல்களுக்குக் கொலஸ்ட்ராலைக் கொண்டு சேர்ப்பது அதன் பணி. செல்கள் அதை எவ்வாறு உள்வாங்குகின்றன என்பதைக் கண்டறிந்தமைக்கே மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் ஆய்விலேயே ஒரு புதிர் எழுந்தது. இயல்பான எல்.டி.எல். துகளைத் தமனிச் சுவரின் விழுங்கணுக்கள் அளவுக்கு மிஞ்சி உண்பதில்லை. வேதிமுறையில் மாற்றப்பட்ட துகளையோ தடையின்றி விழுங்கி நுரையணுக்களாகின்றன. உடலினுள் அம்மாற்றத்தைச் செய்வது எது? தமனிச் சுவரில் சிக்கிய துகளின் கொழுப்பு அமிலங்கள் ஆக்ஸிஜனேற்றம் அடைவதே அம்மாற்றம் என டேனியல் ஸ்டைன்பெர்க்கும் அவருடைய குழுவினரும் 1989இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் விரிவாக வாதிட்டனர். இக்கருத்தைத் தமிழில் சொல்ல வேண்டின், தீங்கு செய்வது 'கெட்ட' கொழுப்பு என்பதினும் 'கெட்டுப்போன' கொழுப்பு என்பதே பொருந்தும்.

இங்கு ஒரு வரையறை வேண்டும். எல்.டி.எல். துகள்களின் எண்ணிக்கை மிகுவது தமனிநோய்க்குக் காரணம் என்பது மரபியல் ஆய்வுகளாலும் ஸ்டாட்டின் மருந்துச் சோதனைகளாலும் உறுதிப்பட்டுள்ளது. அதைக் குறைக்கும் சிகிச்சையைக் கைவிட ஆக்ஸிஜனேற்றக் கருத்து இடந்தருவதில்லை. ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுத்தால் போதும் என்னும் எளிய முடிவும் நிலைக்கவில்லை. 9,000க்கு மேற்பட்டோர் பங்கேற்று 2000இல் வெளியான 'ஹோப்' சோதனையில் வைட்டமின் ஈ அளிக்கப்பட்டவரிடையே மாரடைப்போ இதயநோய் இறப்போ குறையவில்லை. மாத்திரையாகத் தரும் ஒரு தடுப்பான் தமனிச் சுவரினுள் நிகழும் மாற்றத்தை நிறுத்தவில்லை என்பதே அதன் பாடம். அம்மாற்றம் நிகழ்வதில்லை என்பது அன்று. அளவும் மாற்றமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. துகள்கள் மிகுந்தால் சுவரில் சிக்குவன மிகும். சிக்குவன மிகுந்தால் கெடுவனவும் மிகும்.

4. ரப்பரும் எண்ணெயும்

'ஆக்ஸிஜனேற்றம்' என்னும் சொல் பாடநூலுக்கு வெளியே தமிழரிடம் எதையும் உணர்த்துவதில்லை எனக் கூறுவர். இத்தொழில் வழித்தடத்தைப் பொறுத்தவரை இக்கூற்று பொருந்தாது. ஒரகடத்தில் அப்போலோவும், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே., சியட் நிறுவனங்களும் டயர் உற்பத்தி செய்கின்றன. டயர்த் தொழிலாளர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வேதியியலும் எண்ணெய்ச் சட்டியின் வேதியியலும் ஒன்றே.

இயற்கை ரப்பரின் நீண்ட சங்கிலியில் கார்பன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. அப்பிணைப்பை அடுத்த கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன் எளிதில் பறிபோகக் கூடியது. அது பறிபோன இடத்தில் ஆக்ஸிஜன் ஒட்டிப் பெராக்ஸி உறுப்பாகிறது. அவ்வுறுப்பு அருகிலுள்ள மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பறித்துத் தான் ஹைட்ரோபெராக்ஸைடாகிறது. பறிகொடுத்தது அடுத்த உறுப்பாகிறது. ஒன்று கெட்டால் அடுத்ததும் கெடும் சங்கிலி வினை இது. ரப்பர் வெடிப்பதைத் தடுக்கும் வழிதேடிய பிரிட்டிஷ் ஆய்வாளர்களே இவ்வினையின் படிகளைத் தெளிவாக வகுத்தனர். ஃபார்மர் 1942இல் ஹைட்ரோபெராக்ஸைடு கருத்தை முன்வைத்தார். பொலாண்டும் ஜீயும் 1946இல் வினையின் வேகவியலை வகுத்தனர். ரப்பர் மூலக்கூறு மிகச் சிக்கலானது. எனவே அவர்கள் எளிய மாதிரியாகக் கொண்டது தாவர எண்ணெய்களில் மிகுந்துள்ள லினோலிக் அமிலத்தின் எஸ்டரை. உணவு எண்ணெய் அறிவியல் இன்றும் கையாளும் சமன்பாடுகளின் ஒரு வேர் ரப்பர் ஆய்வில் இருக்கிறது.

தடுக்கும் வழியும் ஒன்றே. தன் ஹைட்ரஜனை முதலில் கொடுத்துச் சங்கிலியை அறுக்கும் சேர்மத்தை டயர்க் கலவையில் சேர்க்கின்றனர். எண்ணெயில் டோகோஃபெரால் இயற்கையாகவே அப்பணியைச் செய்கிறது. எண்ணெய்ப் பொட்டலங்களில் காணும் ஐ.என்.எஸ். 319 என்னும் எண் செயற்கையாகச் சேர்க்கும் தடுப்பானைக் குறிப்பது. நல்லெண்ணெயில் உள்ள செசமின், செசமோலின் முதலிய லிக்னான்களும், செசமோலினிலிருந்து வறுக்கும்போது உண்டாகும் செசமாலும் அவ்வெண்ணெய் எளிதில் கெடாமைக்குக் காரணங்கள்.

கொலஸ்ட்ராலும் இவ்விதிக்குட்பட்டதே. அதன் 5ஆம், 6ஆம் கார்பன்களுக்கிடையே ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. அதனை அடுத்த 7ஆம் கார்பனே முதலில் தாக்கப்படும். அதன்வழி 7-ஹைட்ராக்ஸிகொலஸ்ட்ரால், 7-கீட்டோகொலஸ்ட்ரால் முதலியனவும், இரட்டைப் பிணைப்பிலேயே ஆக்ஸிஜன் சேர்ந்து 5,6-எபாக்ஸைடுகளும் உண்டாகின்றன. இவற்றுள் பல செல்களுக்கு நச்சுத்தன்மை உடையவை எனச் செல் வளர்ப்புச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆயினும் ஆக்ஸிஜனேற்றம் எங்கும் கேடே எனக் கொள்வது மற்றொரு பிழை. கல்லீரல் தன் நொதியைக் கொண்டு அதே 7ஆம் கார்பனில் ஆக்ஸிஜனைச் சேர்த்தே பித்த அமிலத்தை ஆக்கத் தொடங்குகிறது. நொதி செய்வது ஒரே வடிவத்தை, வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில். வெப்பமும் காற்றும் செய்வது கட்டுப்பாடற்ற கலவையை. 'நல்ல–கெட்ட' என்னும் இருமை இவ்வேறுபாட்டைத் தாங்காது.

5. இரண்டு ஆய்வுகள், இரண்டு வாசிப்புகள்

இந்தியரின் உணவுக்கொழுப்பைப் பற்றிய இரண்டு புகழ்பெற்ற ஆய்வுகளை அருகருகே வைத்து நோக்கினால் அளவுக்கும் மாற்றத்துக்கும் இடையேயான இழுபறி விளங்கும்.

மேற்கு ரயில்வேயின் மருத்துவ அலுவலராக இருந்த எஸ்.எல். மல்ஹோத்ரா, இந்திய ரயில்வேப் பணியாளரிடையே நேர்ந்த இதயநோய் இறப்புகளைத் தொகுத்து 1967இல் வெளியிட்டார். தென்னிந்தியப் பணியாளரிடையே இறப்பு விகிதம் ஒரு லட்சத்துக்கு 135. வட இந்தியப் பணியாளரிடையே 20. வடக்கில் கொழுப்பு நுகர்வு பலமடங்கு மிகுதி. அதுவும் பெரும்பாலும் நெய் முதலிய பாற்கொழுப்பு. தெற்கில் நுகர்வு குறைவு. அதுவும் பெரும்பாலும் விதை எண்ணெய். அளவுக் கருத்து எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவு இது.

நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர் மார்க் ஜேக்கப்சன் 1987இல் லான்செட் இதழில் எதிர்த்திசையில் ஒரு கருத்தை வெளியிட்டார். நெய்யிலுள்ள ஸ்டீரால்களில் 12.3 விழுக்காடு ஆக்ஸிஜனேற்றம் அடைந்த கொலஸ்ட்ரால் என்றும், புதிய வெண்ணெயில் அது காணப்படவில்லை என்றும் அளந்து காட்டினார். லண்டனிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் குடியேறிய இந்தியரிடையே காணப்படும் விளக்கமற்ற இதயநோய் மிகுதிக்கு இது காரணமாகலாம் என்றார்.

இவ்விரண்டையும் தமிழ்ப் பொதுவெளி 'நெய் நல்லது', 'நெய் கெட்டது' என்னும் வழக்காடலுக்கான சான்றுகளாகவே பயன்படுத்தக் கூடும். இரண்டும் அதற்கு உரியன அல்ல. மல்ஹோத்ராவின் ஆய்வு வட்டாரங்களை ஒப்பிட்டது. தனிமனிதரின் உணவையும் அவர் இறப்பையும் இணைத்துப் பார்க்கவில்லை. புகை, உடலுழைப்பு, உணவுமுறை, நோயறியும் வசதி ஆகியவற்றில் வடக்கும் தெற்கும் வேறுபட்டிருக்க இடமுண்டு. ஜேக்கப்சன் பொருளை அளந்தார். அதை உண்டவரைப் பின்தொடரவில்லை. வேதியியல் அளவீட்டிலிருந்து குடியேறிகளின் நோய்ப் பரவலுக்கு அவர் ஒரே அடியில் தாவுகிறார். நெய்யில் இச்சேர்மங்கள் எவ்வளவு உண்டாகும் என்பது காய்ச்சும் வெப்பம், நேரம், சேமிக்கும் முறை ஆகியவற்றைப் பொறுத்தது. பதமறிந்து இறக்கிய நெய்யும், திரும்பத் திரும்பக் காய்ந்த நெய்யும் ஒரு பொருளல்ல.

எனினும் ஜேக்கப்சன் கட்டுரைக்கு ஒரு நிலையான மதிப்பு உண்டு. வெண்ணெயும் நெய்யும் மூலத்தில் ஒன்று. கொலஸ்ட்ராலின் அளவால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. அவற்றுக்கிடையே ஒரு நிகழ்ச்சி, ஓர் அடுப்பு, இருக்கிறது என்பதை அவர் கேள்வியாக்கினார். முடிவு வலுவற்றதாயினும் கேள்வி சரியானது.

6. 'கொலஸ்ட்ரால் இல்லாத' எண்ணெய்

தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் பொருட்படுத்தத்தக்க அளவில் இருப்பதில்லை. தாவரத்துக்கு உரியவை வேறு ஸ்டீரால்கள். எனவே பொட்டலத்தின் மேலுள்ள 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்னும் தொடர் உண்மை. ஆனால் எல்லாத் தாவர எண்ணெய்க்கும் பொதுவான உண்மையாதலால் தேர்வுக்கு உதவாதது. கொலஸ்ட்ராலைக் கொழுப்பு என்றே கற்ற வாசகர் அதைக் 'கொழுப்பில்லா எண்ணெய்' எனப் படிக்க வாய்ப்புண்டு. எண்ணெய் முழுவதுமே கொழுப்பு.

அளவுக் கேள்வியும் மாற்றக் கேள்வியும் ஒரே எண்ணெய்க்கு வேறுவேறு விடை தருவதை இங்குக் காணலாம். வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் ஏறத்தாழ 60 விழுக்காடு லினோலிக் அமிலம். நிறைவுற்ற கொழுப்புக்கு மாற்றாக அதைப் பயன்படுத்தினால் குருதியின் எல்.டி.எல். குறையும். ஆனால் லினோலிக் அமிலத்தின் ஆக்ஸிஜனேற்ற வேகம் ஒலியிக் அமிலத்தினும் பன்மடங்கு. எனவே நீண்டநேரம் பொரிக்கும் சட்டியில் அது விரைவில் கெடும். நோனீனல் முதலிய ஆல்டிஹைடுகளை மிகுதியாக உண்டாக்கும். ஏறத்தாழ பத்து விழுக்காடே லினோலிக் அமிலம் கொண்ட பாமோலின், சட்டியில் நெடுநேரம் தாங்கும். ஆனால் அதன் பால்மிட்டிக் அமிலம் எல்.டி.எல்லை ஏற்றும். தாளிக்க ஏற்றது எது, பொரிக்க ஏற்றது எது என்பது ஒற்றைச் சொல்லால் விடை சொல்ல முடியாத கேள்வி. சாலையோரக் கடையில் கோழியும் மீனும் பொரியும்போது, அவற்றின் கொலஸ்ட்ரால் எண்ணெயில் கசிந்து அங்கேயே ஆக்ஸிஜனேற்றமும் அடையும். 'கொலஸ்ட்ரால் இல்லாத' எண்ணெய் மாலைக்குள் அவ்வாறு இல்லாமற் போகும்.

இந்தியச் சட்டம் மாற்றக் கேள்வியை ஏற்றுக்கொண்டுவிட்டது. பொரிக்கும் எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டை மிஞ்சக் கூடாது என்னும் வரம்பு 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்துவோர் 2019 மார்ச் 1 முதல் அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும். பயன்படுத்திய எண்ணெயைத் திரட்டி உயிரி டீசலாக்கும் திட்டமும் 2018 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அத்தகைய எண்ணெய் மலிவு விலையில் மீண்டும் உணவுக்குள் வருவதைத் தடுப்பதும் அதன் நோக்கம். பெரிய ஆலைகளின் சமையற்கூடங்கள் பல இவ்வரம்புக்குள் வரக்கூடியவை. ஆனால் 'மொத்த முனைவுச் சேர்மங்கள்' என்னும் தொடரை ஒரு தொழிலாளி எவ்வாறு கேள்வியாக்குவார்? உரிமை சட்டத்தில் இருந்தும் அதைக் கேட்பதற்கான சொல் அவரிடம் இல்லை.

7. ஊசுதல், நமத்தல், காறல்

அச்சொல் உண்மையில் தமிழில் இருக்கிறது. உணவு கெடுவதைத் தமிழ் அடுக்களை ஒற்றைச் சொல்லால் குறிப்பதில்லை. சாம்பாரும் சோறும் ஊசிப்போகும்; அது நுண்ணுயிரின் வேலை. அப்பளமும் பொரியும் நமத்துப்போகும். அது ஈரத்தின் வேலை. நாட்பட்ட முறுக்கு சிக்கு வாடை அடிக்கும். பழைய எண்ணெயும் நெய்யும் காறும். அது ஆக்ஸிஜனேற்றத்தின் வேலை. காரணத்துக்கேற்பக் கேட்டை மூன்றாகப் பிரித்துவைத்த மொழி, மருத்துவ நூல்களுக்கு வந்ததும் 'கெட்ட' என்னும் ஒன்றில் அமைந்துவிட்டது வியப்புக்குரியது. அறிவியல் தமிழாக்கம் புதிதாக ஆக்குவதில் காட்டிய ஊக்கத்தை, வழக்கில் இருப்பதை இனங்காண்பதில் காட்டவில்லை எனலாம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'ஒட்சியேற்றம்', 'இலிப்பிட்டு' எனவும், தமிழகம் 'ஆக்ஸிஜனேற்றம்', 'கொழுமியம்' எனவும் வழங்குகின்றன. இச்சொற்கள் வகுப்பறைக்கு உரியன. சட்டியருகே நிற்பவருக்கு உரியது 'காறல்'.

'காறல்' என்பதற்கும் எல்லை உண்டு. மூக்கும் தொண்டையும் அறிவது ஆவியாகும் சிறு ஆல்டிஹைடுகளை. பொரிக்கும் வெப்பத்தில் அவற்றுள் பெரும்பகுதி ஆவியுடன் போய்விடும். எண்ணெயில் தங்குவன மணமற்ற பெருமூலக்கூறுகள். மசாலா மணம் எஞ்சியதையும் மறைத்துவிடும். ஆதலால் காறாத எண்ணெய் கெடாத எண்ணெய் ஆகாது. எண்ணெய் கருத்தல், நுரைத்தல், பிசுபிசுத்தல், குறைந்த சூட்டிலேயே புகைதல் ஆகிய அறிகுறிகளும், சட்டியில் தோய்த்து அளக்கும் கருவியும் துணைசெய்ய வேண்டும். சொல் கேள்வியை எழுப்பும். விடையை அளவீடே தரும்.

முடிவுரை

இத்திறனாய்வில் பெறப்பட்ட முடிவுகள் வருமாறு:

1. 'கொழுப்பு' என்பதை டிரைகிளிசரைடு, எண்ணெய், நெய் ஆகியவற்றுக்கே உரியதாக்குதல் வேண்டும். கொலஸ்ட்ராலை அப்பெயராலேயே வழங்குவது தகும். மக்கள் வழக்கில் ஏற்கெனவே உள்ள அச்சொல்லைத் தமிழாக்கும் முயற்சி, ஷெவ்ரல் பிரித்ததை மீண்டும் கலந்துவிடுகிறது.

2. 'நல்ல கொழுப்பு', 'கெட்ட கொழுப்பு' என்பன துகள்களின் பெயர்களாக நீடிப்பின், பண்புப் பொருளே மேலோங்கும். எல்.டி.எல்., எச்.டி.எல். என்றே வழங்கி, 'கெட்டுப்போன' என்பதை ஆக்ஸிஜனேற்றம் அடைந்தவற்றுக்குப் பயன்படுத்தினால் அளவும் மாற்றமும் தனித்தனியே விளங்கும்.

3. மருத்துவ முகாம்களின் துண்டறிக்கைகளும் கேன்டீன் அறிவிப்புகளும் 'கொழுப்பைக் குறையுங்கள்' என உண்பவரை மட்டும் நோக்கிப் பேசாமல், 'இந்த எண்ணெய் இன்று அளக்கப்பட்டதா' எனச் சமைப்பவரையும் வழங்குபவரையும் நோக்கிக் கேட்கும் மொழியில் அமைய வேண்டும்.

4. ஊசுதல், நமத்தல், சிக்கு, காறல் முதலிய அடுக்களைச் சொற்கள் வட்டாரவாரியாகத் தொகுக்கப்பட்டு, உணவு வேதியியல் கலைச்சொற்களோடு ஒப்பிடப்பட வேண்டும். தமிழ்த்துறையும் வேதியியல் துறையும் இணைந்து செய்யத்தக்க ஆய்வு இது.

டயர் வெடிக்கக் கூடாது என்பதற்காகக் கலவையை அளந்து சேர்க்கும் ஆலைகள் நிறைந்த வழித்தடம் இது. அதே வேதியியல் அவ்வாலைகளின் சமையற்கூடத்திலும் நிகழ்கிறது. அங்கும் அளக்க வேண்டும் எனக் கேட்பதற்குத் தொழிலாளிக்குப் புதிய சொல் எதுவும் தேவையில்லை. அவர் வீட்டு அடுக்களையில் வழங்கும் சொல்லுக்கு ஆய்வாளர் உரிய இடம் தந்தால் போதும்.